மாடி பஸ் நின்றது கவிழ்ந்ததால் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய பிரிட்டிஷ் இரட்டை மாடி பஸ்களைப் பற்றி உங்கள் வாசகர் பக்கத்தில் வந்த கடிதங்களைப் படித்தோம். மேல்மாடி முன்சீட்டைப் பற்றி ஆளுக்கொரு பத்தி எழுதியிருக்கிறார்கள். ஓட்டுநர் கூண்டைப் பற்றி ஒரு வரி கிடையாது. போதாக்குறைக்கு, வளைவில் கவிழும் என்றுதான் அந்த வண்டிகளை நிறுத்தினார்கள் என்று இரண்டு பேர் அடித்துச் சொல்கிறார்கள். அது தவறு.

பிரிட்டனில் மாடி பஸ் ரோட்டுக்கு வர வேண்டுமென்றால் சாய்வுச் சோதனையில் தேற வேண்டும். மேல்மாடி முழுக்கப் பயணிகள் இருந்தால் வரும் எடையை ஏற்றுவார்கள். கீழே ஓட்டுநர், கண்டக்டர் எடை மட்டும். அப்படி வைத்து 28 டிகிரி பக்கவாட்டில் சாய்த்தாலும் வண்டி விழக் கூடாது. எஞ்சின், கியர் பாக்ஸ், சேஸிஸ், அச்சு என்று கனமானதெல்லாம் அடியில் கிடக்கிறது. மேலே இருப்பது தகடும் கண்ணாடியும் சீட்டும்தான். மாடியில் நின்றுகொண்டு வரக் கூடாது என்ற கட்டுப்பாட்டை மதித்தால் பயப்பட ஒன்றுமில்லை.

உண்மையான தொல்லை உரசல். சாதாரண மாடி பஸ்ஸின் உயரம் 14 அடி 6 அங்குலம், அதாவது சுமார் 4.4 மீட்டர். ரோட்டோரம் 3 டிகிரி சரிந்திருந்தால் சக்கரம் தார் மேலேயே இருக்கும். ஆனால் கூரை விளிம்பு 23 சென்டிமீட்டர் வெளியே தள்ளிவிடும். ஸ்டாப்பில் ஓரம் கட்டும்போது மேல் கண்ணாடி பலாக்கிளையிலோ விளக்குக் கம்பத்திலோ மோதுவது இந்தக் கணக்கால்தான். களியக்காவிளை ரோட்டில் மழைநீர் வடிய ஓரம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் கிளை வெட்டுவதற்கென்றே பழைய மாடி பஸ்களைக் கூரை கழற்றி வைத்திருந்தார்கள்.

இனி கூண்டு. ஏஇசி ரீஜென்ட், லேலண்ட் டைட்டன் பிடி2 போன்ற பழைய மாடி பஸ்களில் எஞ்சின் முன்னால் இடப்பக்கம். ஓட்டுநர் வலப்பக்கம் தனிக் கூண்டில். வெளியிலிருந்துதான் ஏற வேண்டும். பயணிகளுக்கும் அவருக்கும் நடுவே ஒரு சின்னக் கண்ணாடி மட்டும். பிடி2-வில் 9.8 லிட்டர் எஞ்சின், 125 குதிரைத்திறன், அதுவும் நிமிடத்துக்கு 1,800 சுற்றிலேயே. ஆகவே எஞ்சினை அலறவிட்டு இழுக்க வேலையில்லை. சமதளத்தில் இரண்டாம் கியரில் எடுப்பதுதான் வழக்கம். முதல் கியர் ஏற்றத்துக்கு.

பவர் ஸ்டியரிங் கிடையாது. நிற்கிற வண்டியில் வளையத்தைத் திருகினால் தோளும் போகும், ஸ்டியரிங் இணைப்புகளும் போகும். சக்கரம் ஒரு சுற்றாவது உருளத் தொடங்கிய பிறகே திருப்ப வேண்டும்.

கியர் மாற்றுவதில்தான் வண்டிக்கு வண்டி குணம் மாறும். பிரிஸ்டல் லொடெக்கா என்ற மாடி பஸ்ஸில், சுற்று வேகங்களைத் தானே ஒத்துப்போகச் செய்யும் சின்க்ரோமெஷ் இல்லாத கியர் பெட்டி. மேல் கியருக்கு: கிளட்ச் மிதி, நியூட்ரல், கிளட்சை விடு, எஞ்சின் சுற்று இறங்கும்வரை பொறு, மறுபடி மிதித்துப் போடு. கீழ் கியருக்கு நியூட்ரலில் ஆக்சிலேட்டரைத் தட்டிச் சுற்றை ஏற்ற வேண்டும். பொறுமையில்லாதவன் கையில் அந்தப் பெட்டி கரகரவென்று அலறும். மாடியில் இருப்பவருக்கும் கேட்கும். கார்ட்னர் எஞ்சின் சுற்று இறங்க நிறைய நேரம் எடுக்கும். ஏற்றத்தில் அப்படிக் காத்திருப்பதற்குள் வண்டி வேகம் செத்துவிடும், ஆகவே ஏற்றத்துக்கு முன்பே கியரை இறக்கிவிடுவது நல்லது.

டெய்ம்லரிலும் பழைய ஏஇசி-யிலும் முன்கூட்டியே கியர் தேர்ந்துவைக்கும் பெட்டி. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சின்ன லிவரை வேண்டிய கியரில் வைத்துவிட்டு, நேரம் வரும்போது இடது பெடலை மிதித்து விட்டால் கியர் விழும். கிளட்சுக்குப் பதில் எண்ணெயில் சுழலும் ஃபிளைவீல் இருப்பதால் எடுப்பு வெண்ணெய் போல இருக்கும். சுகம் அவ்வளவுதான். ஸ்பிரிங்கில் இயங்கும் பெட்டியில் பெடலை அரைகுறையாக மிதித்தாலோ, பெட்டிக்குள் கியரைப் பிடிக்கும் பட்டைகள் தேய்ந்து அட்ஜஸ்ட்மென்ட் தவறினாலோ, பெடல் தன் இடத்தைத் தாண்டி மேலே எகிறிக் காலை உதைக்கும். அதைத் திரும்பக் கீழே தள்ள, முதுகைச் சீட்டில் முட்டுக்கொடுத்து முழங்காலை நீட்டி மிதிக்க வேண்டும். லண்டனில் ஓடிய ஏஇசி ஆர்டி வகை மாடி பஸ்ஸில் இந்த வேலையை அழுத்தக் காற்று செய்கிறது, உதை இல்லை. ஆனால் காற்றழுத்தம் குறைந்தால் பட்டை சரியாகப் பிடிக்காமல் வழுக்கிக் கருகும். இந்த இரண்டு வகையிலும் கியரில் போட்டபடியே சிக்னலில் நெடுநேரம் நிற்கக் கூடாது. ஃபிளைவீல் எண்ணெய் கொதித்துச் சீல் வழியே ஒழுகத் தொடங்கும்.

பயணிகள் ஏறி இறங்கும் பின்படிக்கு வருவோம். ஓட்டுநருக்குப் பின்படி தெரியாது. கண்டக்டர் அடிக்கும் மணியை நம்பித்தான் ஓட்டுகிறார். லண்டனில் ஒரு மணி நிறுத்து, இரண்டு மணி போகலாம், மூன்று மணி வண்டி நிறைந்துவிட்டது. நம் பக்கம் விசிலில் பழகியவர்கள் கேரளத்துப் பாறசாலை தாண்டியதும் கேட்கிற சிங்கிள் பெல், டபுள் பெல்லும் இதே கணக்குதான். லண்டன் போக்குவரத்து வாரியத்திலிருந்து வந்த சால்ட்டர்தான் 1938-இல் திருவிதாங்கூர் அரசு பஸ்ஸைத் தொடங்கி நடத்தினார். அவர் கொண்டுவந்தவை ஒற்றை மாடி கொம்மர் வண்டிகள். மாடி பஸ்களோடு அவற்றைக் குழப்ப வேண்டாம்.

பிறகு ஏன் நின்றன? பிரிட்டனில் கண்டக்டர் சம்பளம். 1958 முதல் வந்த லேலண்ட் அட்லாண்டியனில் எஞ்சின் பின்னால் போனது, வாசல் ஓட்டுநர் பக்கத்துக்கு வந்தது. 1966-இல் மாடி பஸ்ஸையும் ஒரே ஆள் ஓட்ட அனுமதித்தார்கள். பின்படி வண்டிக்கு அதோடு காலம் முடிந்தது. 2,876 வண்டிகள் கட்டப்பட்ட ரூட்மாஸ்டர் மட்டும் 2005 டிசம்பர் 9 வரை லண்டனில் அன்றாட ஓட்டத்தில் தாக்குப்பிடித்தது. இங்கே கண்டக்டர் இன்றும் இருக்கிறார். நம் ஊர்களில் இடித்தது தாழ்ந்த கம்பிகளும், கிளைகளும், ஒரே படியில் ஏறி இறங்க ஆகும் நேரமும்.

திருவனந்தபுரத்தில் இப்போது கூரை திறந்த மாடி பஸ் நகரைச் சுற்றிக் காட்டுகிறது. ஓடாமல் கிடக்கும் பழைய முன் எஞ்சின் டைட்டன் எதையாவது சீர்செய்ய யாரேனும் முன்வந்தால், பெயின்ட் டப்பாவைத் திறக்கும் முன் டீசல் பம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். நெடுநாள் நின்ற வண்டியில் பம்புக்குள் டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற தண்டு இறுகிவிடும். முழு டீசல் நிலையில் இறுகியிருந்தால், ஸ்டார்ட் செய்த கணத்தில் எஞ்சின் வெறிபிடித்துச் சுற்றும், சாவியால் நிற்காது. ராக் கையால் தாராளமாக நகர்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். அப்போதும் காற்று உறிஞ்சும் வாயை அடைக்க ஒரு பலகையோடு ஓர் ஆள் பக்கத்தில் நிற்கட்டும்.

அடுத்தது உடல்கட்டு. கடல்காற்றில் அலுமினியத் தகடு இரும்புச் சட்டத்தைத் தொடும் இடம் வெள்ளைப் பொடியாக உதிரும். இரண்டுக்கும் நடுவே ரப்பர் பட்டையோ கெட்டியான பிரைமரோ வேண்டும். மேல்மாடி முன்கண்ணாடிக்குக் கீழ்த் தூண்களில் மழைநீர் இறங்கி மரம் மக்கும், வெளியே தெரியாது. திருப்புளியால் குத்திப் பார்த்தால் சொல்லிவிடும்.

வாரம் ஒருமுறை நிற்க வைத்தே ஐந்து நிமிடம் ஓடவிடுவது பராமரிப்பு ஆகாது. எஞ்சின் சூடேறாமல் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து அதைத் தண்ணியாக்கும். மாதம் இருமுறை பதினைந்து கிலோமீட்டர் ஓட்டினால் எஞ்சின், பெட்டி, பிரேக் மூன்றுக்கும் வேலை கிடைக்கும். புது ஓட்டுநருக்குக் காலி வண்டியில் மட்டும் பயிற்சி கொடுத்துவிட்டு விடக் கூடாது. மேல்மாடியில் மணல் மூட்டை ஏற்றி ஒரு நாள் ஓட்டச் சொல்ல வேண்டும். பிரேக் தூரமும் வளைவில் வண்டி சாயும் அளவும் அப்போதுதான் காலுக்கும் கைக்கும் பிடிபடும்.

இப்படிக்கு,
பழைய பஸ் ஆர்வலர்கள் சிலர்,
மார்த்தாண்டம் – களியக்காவிளை