எங்கள் ஆலயத்தின் கூரையைக் காத்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கும், எங்களோடு தோள் கொடுத்து நின்ற அக்கம்பக்கத்து ஊர்ப் பெரியவர்களுக்கும், எங்கள் சபையார் அனைவரின் ஸ்தோத்திரமும் வணக்கமும்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று பிடித்த மழை மறுநாளும் விடவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. சாத்தான்குளம் பக்கத்தில், தேரி என்னும் செம்மணல் மேட்டை ஒட்டி, மழைக்கு ஏங்கியே பழகிய ஊர் எங்களுடையது. எங்கள் ஆலயத்துக்குள் பாதம் நனையத் தண்ணீர் நின்றது. வாசல் வழியாக ஒரு சொட்டும் வரவில்லை. அத்தனையும் கூரையிலிருந்து இறங்கியது. பாடகர் குழு உட்காரும் இடத்துக்கு மேலே இரண்டு உத்திரங்கள் முறிந்து தொங்கின. அந்த வருடக் கிறிஸ்துமஸ் ஆராதனையைப் பள்ளிக்கூட வராந்தாவில் நடத்தினோம்.

இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம் என்றுதான் சபைக் கூட்டத்தில் பெரும்பாலோர் பேசினார்கள். ஆலயக் கமிட்டிச் செயலாளரான நானும் கை தூக்கினேன். அப்போது ஓய்வுபெற்ற உபதேசியார் தாத்தா எழுந்தார். "இடையன்குடி ஆலயத்துக்குக் கால்டுவெல் ஐயர் 1847இல் அஸ்திவாரம் போட்டார். பிரதிஷ்டை நடந்தது 1880இல். முப்பத்து மூன்று வருடம் பொறுத்துக் கட்டினார்கள். இருப்பதைப் பழுது பார்க்க உங்களுக்கு மூன்று மாதப் பொறுமை இல்லையா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். கூட்டம் அதோடு கலைந்தது. தாத்தா, முதல் நன்றி உங்களுக்குத்தான்.

அடுத்த வாரமே நாகர்கோவிலிலிருந்து வந்த பொறியாளர் தம்பிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வந்ததும் அவர் சுவரைப் பார்க்கவில்லை. நேராக மொட்டைமாடிக்கு ஏறினார். மழைத் தண்ணீர் வெளியேறும் தூம்புக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டார்: புறாக் கூடு, பனந்தும்பு, பிள்ளைகள் அடித்து ஏற்றிய ஒரு ரப்பர் பந்து, கடைசியாக ஒரு முழ நீளத்துக்கு அரசங்கன்றின் வேர். தூம்பு அடைத்ததால் தளத்தில் குளம்போல் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அது செங்கல் வழியே கசிந்து, சுவருக்குள் புதைந்திருக்கும் தேக்கு உத்திரங்களின் முனைகளை வருடக்கணக்காக ஊறவைத்து மக்கச் செய்திருக்கிறது. இருபத்திரண்டு உத்திரங்களில் கெட்டவை ஐந்து. சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டு, ஐந்துக்கும் சாக்பீஸால் குறி போட்டார். மற்ற பதினேழும் இன்னும் நூறு வருடம் தாங்கும் என்றார். மூன்று நாள் உழைத்தவர் பஸ் டிக்கெட்டுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்க மறுத்துவிட்டார்.

ஏரல் பக்கத்திலிருந்து வந்த பெரிய கொத்தனார் அண்ணாச்சியைப் பற்றி எழுதாமல் இந்த மடல் நிறைவடையாது. அந்த வெள்ளத்தில் அவருடைய வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. வீட்டைக் கழுவி முடித்த கையோடு எங்களுக்கு வந்தார். முப்பது வருடத்துக்கு முன்பு, பலமாக இருக்கும் என்று நம்பி, சுண்ணாம்புக் காரைக்கு மேலே நாங்கள் சிமெண்ட் பூசியிருந்தோம். அந்தப் பூச்சு உப்புப் பூத்து, பொரிந்து, அடிச்சுவர் முழுவதும் ஈரம் கோத்துக் கிடந்தது. "வேர்க்கிற உடம்பில் கம்பளியைப் போர்த்திவிட்டீர்கள் அம்மா, வேர்வை எங்கே போகும்?" என்றார். ஒரு மாதம் செலவழித்து அத்தனை சிமெண்டையும் உளியால் கொத்தி எடுத்தார்கள். உள்ளேயிருந்த செங்கலுக்குச் சேதம் வராமல் கொத்துவது எவ்வளவு நிதானமான வேலை என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி மூன்று வாரம் ஊறவைத்தோம். கடுக்காய் ஊறிய தண்ணீர் தனியாக ஒரு தொட்டியில். பங்குனி, சித்திரை பதநீர்க் காலம் என்பதால், பனையேறும் சகோதரர்கள் விடிகாலையில் இறக்கிய பதநீரில் தினமும் இரண்டு குடம், சுண்ணாம்புக் காரையில் சேர்ப்பதற்காக, காசு வாங்காமல் ஊற்றிவிட்டுப் போனார்கள். அதைக் கருப்பட்டியாகக் காய்ச்சினால் அவர்களுக்கு என்ன விலை கிடைத்திருக்கும் என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அந்த நாள்களில் ஆலய வளாகம் முழுவதும் புளித்த பதநீரின் வாசனை.

செங்கல்லை நெட்டுக்குத்தலாக அடுக்கி, மேலே சுண்ணாம்புச் சல்லி பரப்பிய பிறகு, தளம் அடிக்க வேண்டும். இதற்கு இயந்திரம் கிடையாது. எங்கள் பெண்கள் ஐக்கியச் சகோதரிகள் பதினான்கு பேர் வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்து, மரக்கட்டையால் அடித்தார்கள். முதல் நாள் சத்தம் சேற்றில் அடித்ததுபோல் மொத்தென்று இருந்தது. கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிக்க, நான்காம் நாள் கணீரென்று கேட்கத் தொடங்கியது. "இப்போது போதும்" என்று அண்ணாச்சி கை காட்டினார். வெயிலைத் தாங்கி உட்கார்ந்த அந்தப் பதினான்கு பேரின் உள்ளங்கைக் கொப்புளங்களையும் நான் பார்த்தேன். என் தாய்மார்களே, தங்கைமார்களே, உங்கள் பெயர்களைக் கல்லில் பொறிக்கச் சொன்னபோது வேண்டாம் என்றீர்கள். அதனால் இங்கேயும் எழுதவில்லை.

சாரம் கட்ட எங்களிடம் ஒரு கம்புகூட இல்லை. அம்மன் கோவில் கமிட்டியார் கொடைத் திருவிழாப் பந்தலுக்கு வைத்திருந்த சவுக்குக் கம்புகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு, "எங்களுக்கு ஆடியில்தான் கொடை, அதுவரை உங்களிடமே நிற்கட்டும்" என்றார்கள். காயல்பட்டினத்து மரக்கடை பாய், பழைய வீடு பிரித்த தேக்கில் ஐந்து உத்திரங்களைத் தாமே தேர்ந்தெடுத்து, வாங்கிய விலைக்கே கொடுத்தார். பணம் பிறகு தந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மும்பை தாராவியிலிருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தார், சென்னையிலும் கோவையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள், வளைகுடாவிலிருந்து அனுப்பியவர்கள், வாராவாரம் பிடி அரிசி சேர்த்த வீடுகள் எல்லோருக்கும் ரசீதோடு தனித்தனிக் கடிதம் வருகிறது. வரவு செலவுக் கணக்கு ஆலய வாசல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. தேவாலயச் சீரமைப்புக்கு அரசு தரும் நிதியுதவிக்கு விண்ணப்பிக்க, பழைய பத்திரங்களைத் தேடி எடுத்து வரிசைப்படுத்திக் கொடுத்த அலுவலர்களுக்கும் எங்கள் நன்றி. ஆலயம் பத்து ஆண்டுகளாவது சொந்தக் கட்டடத்தில் இயங்கியிருக்க வேண்டும், இடம் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும், வெளிநாட்டு நிதி வாங்கியிருக்கக் கூடாது என்பது விதி. பக்கத்துச் சேகரங்களில், அதாவது சபை வட்டாரங்களில், யாருக்காவது இந்த விவரம் தேவைப்பட்டால், எங்கள் கோப்பை எடுத்துப் பார்க்கலாம்.

இன்னொன்றையும் அந்தச் சேகரங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். எங்கள் நீற்றுத் தொட்டியும் சல்லடையும் தளம் அடிக்கும் கட்டைகளும் இப்போது சும்மா இருக்கின்றன. இடிக்கத் தீர்மானம் போடுமுன் தயவுசெய்து எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். அண்ணாச்சியும் பொறியாளர் தம்பியும் வந்து பார்க்கச் சம்மதித்திருக்கிறார்கள். கட்டை பிடிக்க எங்கள் பெண்களும் வருவார்கள்.

பெரிய மழை தொடங்குமுன், அக்டோபர் முதல் சனிக்கிழமை, எங்கள் வாலிபர் ஐக்கியப் பிள்ளைகள் மாடிக்கு ஏறி எல்லாத் தூம்புகளையும் துடைக்கிறார்கள். போன வருடம் இரண்டு அரசங்கன்றுகள் விரற்கடை அளவில் இருக்கும்போதே பிடுங்கினார்கள். இந்த வருடமும் காலை ஆறு மணிக்குத் தொடங்குகிறோம். ஏணி இருக்கிறது. வாரியல் மட்டும் அவரவர் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
ஆலயக் கமிட்டிச் செயலாளர்