‘காரணம்’ என்ற பத்தியைத் திருத்தி எழுதுங்கள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வலிகாமப் பகுதி நிலத்தடி நீர் பற்றிய அறிக்கையைத் தயாரிக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் ஊர்ப் பொது மண்டபத்தில் நீங்கள் வைத்த கூட்டத்துக்கு நானும் வந்திருந்தேன். கிணறுகளில் நைத்திரேற்று (உரத்தாலும் மலக்குழியாலும் தண்ணீரில் சேருகிற உப்பு) கூடிவிட்டது, கரையோரக் கிணறுகள் உவராகிக்கொண்டு வருகின்றன என்று படம் போட்டுக் காட்டினீர்கள். அதில் எங்களுக்கு மறுப்பில்லை, குடிக்கிறவர்கள் நாங்கள்தானே. அடுத்த படத்துக்கு ‘மனிதக் காரணங்கள்’ என்று தலைப்பு. கீழே மூன்றே வரி: மக்கள்தொகைப் பெருக்கம், விவசாயிகளின் அறியாமை, விழிப்புணர்வு இன்மை. அரை நிமிடத்தில் அந்தப் படத்தை மாற்றிவிட்டீர்கள். எனக்கு அது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பத்தியைத் திருத்தி எழுதுங்கள். எழுதும்போது எங்களிடமும் கேட்டு எழுதுங்கள்.

நான் முப்பது வருடம் புவியியல் படிப்பித்தவன். இப்போது எட்டுப் பரப்பில், அதாவது அரை ஏக்கரில், வெங்காயம் வைக்கிறேன். இரண்டு பக்கமும் தெரிந்ததால்தான் இதை எழுதத் துணிந்தேன்.

முதலில் மக்கள்தொகை. 1981 கணக்கெடுப்பில் யாழ்ப்பாண மாவட்டத்தில் 7 இலட்சத்துக்கு மேல் சனம் இருந்தது. 2012 இல் அது 6 இலட்சத்துக்கும் கீழே. சண்டையாலும் இடப்பெயர்வாலும் வெளிநாட்டுக்குப் போனதாலும் குறைந்த சனம் அது. சனம்தான் காரணம் என்றால் இந்த முப்பது வருடத்தில் எங்கள் தண்ணீர் நல்லாகியிருக்க வேண்டுமே. ஏன் ஆகவில்லை? 1971 இல் அமெரிக்க அறிஞர்கள் எர்லிக்கும் ஹோல்ட்ரனும் கொண்டுவந்த கணக்கு உங்களுக்குத் தெரியாததல்ல: சூழலுக்கு வரும் பாதிப்பு என்பது மக்கள்தொகை, தலைக்கான நுகர்வு, தொழில்நுட்பம் மூன்றின் பெருக்கம். அதே காலத்தில் பரி கொமனர் என்ற சூழலியல் அறிஞர், சனத்தை விட உற்பத்தி முறை மாறியதுதான் பெரிய காரணம் என்று வாதாடினார். எங்கள் ஊரில் அதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் வேண்டாம். என் அப்பு துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணற்றில் இருந்து எவ்வளவு போகும் என்பதை ஆட்களின் கால்தான் தீர்மானித்தது. பிறகு தண்ணீர் இறைக்கிற மிசின் வந்தது. இன்றைக்கு ஒரு சுவிட்ச். சுண்ணக்கல்லுக்குள்ளே உவர்நீருக்கு மேலே மிதக்கிற நல்ல தண்ணீர் எங்களுடையது. மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உவர் நாற்பது அடி ஏறப் பார்க்கும் என்பது நீங்களும் நானும் படித்த கணக்குத்தான். ஆனால் உங்கள் படத்தில் மிசினும் இல்லை, அதை வாங்கக் கடன் கொடுத்த திட்டங்களும் இல்லை. ‘மக்கள்’ மட்டும் இருந்தார்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதை. என் மகளுக்குப் பிள்ளை பிறந்து மூன்று மாதம். தாய்ப்பால் போதாமல் மாப்பால் கரைத்துக் கொடுக்க வேண்டி வந்தது. கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரைதான் நைத்திரேற்று இருக்கலாம். எங்கள் கிணற்றில் அதற்கும் மேலே என்று தாள் வந்தது. மகள் பயந்துபோய் தண்ணீரை இரண்டு தரம் கொதிக்கவைத்தாள். கிருமி என்றால் சாகும், நைத்திரேற்றுச் சாகாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஆவியாகப் போய் அது இன்னும் செறியும். அதை அவளுக்குச் சொல்ல வேண்டியவனாக நான் அடுப்படியில் நின்றேன். நைத்திரேற்று கூடினால் ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும் என்று ஒரு காலத்தில் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தவன் நான். அவள் ஒன்றும் பேசவில்லை. கேத்திலை எடுத்து முற்றத்து வாழையடியில் ஊற்றினாள். அன்றிலிருந்து பிள்ளைக்குப் போத்தல் தண்ணீர். நாலு தலைமுறை குடித்த கிணறு படலைக்கு உள்ளே இருக்க, நான் சைக்கிளில் போய்த் தண்ணீர் வாங்கி வருகிறேன்.

அந்த நைத்திரேற்றில் என் பங்கும் இருக்கிறது. நானும் யூரியா போட்டவன்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் ஏன் போட்டேன் என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லையே, ஐயா.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எட்டுப் பரப்பில் ஐந்து குத்தகைக் காணி. அடுத்த வருடம் அது என் கையில் இருக்குமோ தெரியாது. பூவரசங் குழையும் பனையோலையும் தாட்டு, மாட்டுப்பட்டி அடைத்து மண்ணைத் தேற்ற வருடக்கணக்காகும். குத்தகைக்காரன் யாருடைய மண்ணைத் தேற்றுவான்? வெங்காயம் கிண்டுகிற நேரம் பார்த்து வெளிநாட்டு வெங்காயம் வந்து இறங்கும், விலை விழும். சந்தைக்குக் கொண்டுபோனால் பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோவைக் கழிவு என்று சொல்லிக் காசு தராமல் எடுத்துக்கொள்வார்கள். அடகு வைத்த நகையை மீட்க வேண்டும். அப்போது பரப்புக்கு இன்னும் இரண்டு கிலோ விளைந்தாலும் போதும் என்றுதான் கை யூரியாப் பைக்குப் போகிறது. செம்மண் அதைப் பிடித்துவைக்காது, கல்லு வெடிப்புக்குள்ளால் நேரே கிணற்றுக்குப் போகும். பக்கத்து வளவு மலசலகூடக் குழியும் அதே வெடிப்புக்குள்தான் இறங்குகிறது. காணி துண்டு துண்டாகிவிட்ட ஊரில் குழியைத் தள்ளி வெட்ட யாருக்கு இடம்?

ஐரோப்பியச் சூழல் முகவரகம் பயன்படுத்துகிற சட்டகம் ஒன்று இருக்கிறது: உந்துவிசை, அழுத்தம், நிலை, தாக்கம், பதில் நடவடிக்கை என்று ஐந்து கண்ணி. அதை வைத்துப் பாருங்கள். குத்தகை, சந்தை விலை, கழிவு, கடன் எல்லாம் உந்துவிசை. யூரியாவும் மிசினும் குழியும் அழுத்தம். சோதனைத் தாளில் வந்த எண் நிலை. என் பேத்தியின் போத்தல் தண்ணீர் தாக்கம். உங்கள் அறிக்கை நிலையை நன்றாக அளந்திருக்கிறது. அழுத்தத்தைப் பாதி சொல்லியிருக்கிறது. உந்துவிசை இருக்க வேண்டிய இடத்தில் ‘அறியாமை’ என்று எழுதி முடித்துவிட்டது. அறியாமை என்று எழுதினால் பதில் நடவடிக்கை துண்டுப்பிரசுரமாகத்தான் வரும். வந்தது. கூட்டம் முடிந்து போகும்போது ஆளுக்கு ஒன்று தந்தீர்கள்.

அழுத்தத்தை மட்டும் பிடித்து அமுக்கினால் என்ன ஆகும் என்பதை 2021 இல் இந்த நாடு முழுக்கப் பார்த்தது. இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்தினார்கள், அந்த வருடம் முடிய முன்னமே தடையை எடுத்தார்கள். நடுவில் விளைச்சல் இழந்தவர்கள் கமக்காரர். குத்தகையும் மாறவில்லை, கழிவும் மாறவில்லை. எங்களை அறியாதவர்கள் என்று வைத்துக்கொண்டு முடிவெடுக்கிற பழக்கம் இந்த நாட்டில் எல்லாக் கந்தோர்களுக்கும் இருக்கிறது.  

கூட்டத்தில் உங்களில் ஒருவர், பொதுச் சொத்து என்றால் சனம் அழித்துத்தான் தீரும் என்றார். 1968 இல் ஹார்டின் என்ற அமெரிக்க அறிஞர் சொன்னது அது. ஆனால் கூடிப் பயன்படுத்துகிறவர்கள் தாங்களே விதி வைத்துக் காப்பாற்றிய இடங்களை உலகம் முழுக்கத் தேடிக் காட்டிய எலினோர் ஒஸ்ட்ரோமுக்கு 2009 இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிற காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து வாசித்தாலும் அது தெரியும்: ‘கிணற்றிலும் வழி வாய்க்காலிலும் பங்கு’ என்று எழுதியிருக்கிறது. யாருக்கு எந்த நாள் இறைப்பு முறை என்பதில் அப்பு காலத்தில் சண்டை வந்திருக்கிறது, விதானையாரிடமும் போயிருக்கிறார்கள். ஆனால் முறை என்று ஒன்று இருந்தது. ஆளுக்கொரு குழாய்க் கிணறு வந்த பிறகுதான் அது இல்லாமல் போனது. அதற்கு அனுமதி கொடுத்தது யார் என்பதும் மனிதக் காரணம்தான். அதையும் எழுதுங்கள்.

ஆகவே தயவுசெய்து அந்தப் பத்தியைத் திருத்தி எழுதுங்கள். கமக்கார அமைப்பையும், பிள்ளை வளர்க்கிற பெண்களையும், குத்தகைக்குச் செய்கிறவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். போன முறை காலை பத்து மணிக்கு வைத்தீர்கள். வெங்காயம் கிண்டுகிற நாள் அது, மண்டபத்தில் பாதிக் கதிரை வெறுமையாக இருந்தது. அடுத்ததை ஒரு ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு வைத்தால் எல்லோரும் வருவோம். திகதி தெரிந்தால் கிராம சேவையாளரிடம் சொல்லிவிடுங்கள். கதிரை அடுக்க நான் முன்கூட்டியே வந்து நிற்பேன். சோதனைத் தாளையும் உறுதியையும் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
வலிகாமத்து வெங்காயத் தோட்டக்காரன் ஒருவன்