அப்பாவுக்கு, கிரைண்டர் சத்தம் பற்றி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமறிய ஆவல். பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக எழுதிய வரி இது. உண்மையிலேயே ஒருவருக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. போனில் நீங்கள் இரண்டு நிமிஷத்தைத் தாண்டமாட்டீர்கள், "சரிம்மா, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்று கைமாற்றிவிடுவீர்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கேட்டீர்களே, "காபி ஆத்தத்தான் அவ்வளவு தூரம் போனியா பாப்பா?" என்று. சிரித்துக்கொண்டுதான் கேட்டீர்கள். பின்னாலிருந்து அம்மா "சும்மா இருங்க" என்றதும் என் காதில் விழுந்தது. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வருகிற வரைக்கும் உங்களுக்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே கிடந்தேன். அதில் பாதி வெறும் கோபம், அதை விட்டுவிடுகிறேன். மீதியைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கிற காபிக் கடையில் ஆற்றுகிற வேலை கிடையாது, இது பிரஷர் வேலை. கார் டயருக்கு 30 பவுண்டு காற்றுப் பிடிப்போம் இல்லையா? எங்கள் மெஷின் காபித்தூளின் மேல் தண்ணீரைத் தள்ளுவது 130 பவுண்டில். கடையில் அதை 9 பார் என்பார்கள். 18 கிராம் தூள், 93 டிகிரி சுடுதண்ணீர். பட்டனை அழுத்தினால் 25லிருந்து 30 நொடிக்குள் 36 கிராம் காபி இறங்க வேண்டும். அதுதான் எஸ்பிரெசோ. லாட்டே, கப்புச்சினோ என்று பலகையில் எழுதியிருப்பதெல்லாம் அதன் தலையில் பாலை எவ்வளவு, எப்படி ஊற்றுகிறோம் என்கிற கணக்குத்தான்.

தூளை ஒரு சல்லடைக் கிண்ணத்தில் போட்டு, டேம்பர் என்கிற கனமான குண்டால் அமுக்குவோம். எவ்வளவு பலமாக அமுக்குகிறோம் என்பதைவிட, மட்டமாக அமுக்குகிறோமா என்பதுதான் விஷயம். ஒரு பக்கம் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் போதும், தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடித்து ஓடிவிடும். அந்த இடத்துத் தூள் சக்கையாகிவிடும், மற்ற இடம் பாதி நனைந்து நிற்கும். கடித்துத் துப்பிய மாதிரி ஒரு காபி வரும். சேர்ந்த புதிதில் நான் போட்டதெல்லாம் அப்படித்தான். மட்டப்பலகை வைத்துச் சுவர் கட்டுகிற மாதிரி, முழங்கையை 90 டிகிரியில் நிறுத்திப் பழகிய பிறகுதான் கைக்கு வந்தது.

காலையில் கடை திறப்பதற்கு முன்னால் இருக்கிற இருபது நிமிஷத்தைப் பற்றித்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். காபிக் கொட்டை அரைக்கிற கிரைண்டருக்குள் பர் என்று இரண்டு எஃகு வளையங்கள், பல்லோடு பல் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும். அவற்றின் இடைவெளிதான் தூளின் பருமன். நேற்று வைத்த இடைவெளி இன்றைக்குச் சரிவராது. வறுத்த கொட்டை நாளுக்கு நாள் தன்னிடமுள்ள கரியமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். வறுத்து இரண்டு நாள்கூட ஆகாத கொட்டை என்றால் மெஷினில் பொங்கித் தள்ளும், பழசாகப் பழசாகத் தண்ணீரைத் தடுக்காமல் விட்டுவிடும். அதனால் தினமும் முதலிலிருந்து பிடித்தாக வேண்டும். முதல் ஷாட், அதாவது முதல் தடவை இறக்குகிற எஸ்பிரெசோ, 17 நொடியில் ஓடிவந்துவிடும், நாக்கில் வைத்தால் சுள்ளென்று புளிக்கும். இடைவெளியை ஒரு கோடு நெருக்குவேன். அடுத்தது 38 நொடி, சொட்டுச் சொட்டாக இறங்கும், கசப்பு தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அரைக் கோடு திரும்பத் தளர்த்துவேன். மூன்றாவதோ நான்காவதோ எலிவால் மாதிரி மெல்லிசாக, தேன் நிறத்தில், அறுபடாமல் இறங்கும். அதைக் குடிப்பேன். அன்றைக்கு எனக்கென்று கிடைக்கிற முதல் காபி அதுதான், ஒரு வாய்.

நீங்கள் லேத்தில் முதல் கட் எடுத்து, வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்து, டூலை ஒரு முடியளவு நகர்த்தி மறுபடி ஓட்டுவீர்களே, சின்ன வயதில் பட்டறை வாசலில் உட்கார்ந்து அதைப் பார்த்தபடி வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாக இவ்வளவு சீவுவதற்கு ஒரேயடியாகச் சீவினால் என்ன என்று அப்போது எரிச்சலாக வரும்.

எந்த மெஷினைப் பார்த்தாலும் "யாரு செஞ்சது?" என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. அதையும் தேடி வைத்திருக்கிறேன். இத்தாலியின் டூரின் நகரத்தில் ஆஞ்செலோ மொரியோண்டோ என்பவர் 1884ல் நீராவியால் மொத்தமாகக் காபி இறக்குகிற மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். கப் கப்பாக இறக்குகிற வழியை 1901ல் மிலானில் லூயிஜி பெட்செரா கொண்டுவந்தார். இரண்டிலும் தள்ளுகிற வேலை நீராவியுடையது. அதில் பிரஷர் ஒன்றரை பாரைத் தாண்டாது, சூடு மட்டும் ஏறிக்கொண்டே போகும், காபி தீய்ந்த வாடை அடிக்கும். அதே மிலானில் அக்கில்லே காஜ்ஜா என்ற காபிக் கடைக்காரர்தான் நீராவியைத் தள்ளிவைத்துவிட்டு, நெம்புகோலும் பிஸ்டனும் ஸ்பிரிங்கும் வைத்துத் தள்ளினார். 1948ல் அவருடைய மெஷின் விற்பனைக்கு வந்தது. அழுத்தம் கூடியதும் காபியின் மேல் செம்பொன் நிறத்தில் ஒரு நுரை படிந்தது. அதுவரை யாரும் பார்க்காதது. இதென்ன அழுக்கு என்றார்களாம் ஜனங்கள். அவர் அதற்குக் கிரேமா என்று பேர் வைத்தார். இன்றைக்கு அந்த நுரை இல்லாவிட்டால்தான் கப்பைத் திருப்பி அனுப்புகிறார்கள்! 1961ல் ஃபயேமா கம்பெனி மோட்டார் பம்பு வைத்து இ61 என்ற மெஷினை இறக்கியது. அந்த வருஷம் பிடித்த சூரிய கிரகணத்தின் ஞாபகமாக வைத்த பேர் அது. நான் நிற்கிற மெஷின் அதற்குப் பேத்தி முறை. ஆனால் உங்களை அந்த ஸ்பிரிங் மெஷின் முன்னால் நிறுத்தினால், சாப்பாட்டுக்குக்கூட நகரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பால் காய்ச்சுவதுதான் எனக்கு லேசில் வரவில்லை. நீராவிக் குழாயின் முனையைப் பாலின் மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வைத்துத் திறக்க வேண்டும். காகிதத்தை மெதுவாகக் கிழிக்கிற சத்தம் வந்தால் சரி. இன்னும் மேலே போனால் படபடவென்று குமிழ் கிளம்பும், அது சோப்பு நுரைதான். ஆழமாக இறங்கிவிட்டாலோ பால் கீச்சென்று அலறும். எனக்கு ஒரு மாசம் அலறிக்கொண்டே இருந்தது. கூட நின்ற சீனியர் அக்கா ஒரு நாள் பேசாமல் தெர்மாமீட்டரைப் பிடுங்கி டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். "காதால கேளு, உள்ளங்கையால பாரு" என்றார். பாத்திரத்தின் அடியில் கையை வைத்திருக்க வேண்டும். இனிமேல் தாங்காது என்று கை சொல்கிற இடம் ஏறக்குறைய 60 டிகிரி. அங்கே மூடிவிட்டால் சர்க்கரை போடாமலே பால் இனிக்கும். 70ஐத் தாண்டினால் அந்த இனிப்பு போய் வெந்த வாடை வந்துவிடும். வலது மணிக்கட்டில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது, அந்த மாசத்துச் சம்பாத்தியம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

நீங்கள் டீ குடிக்கிறவர் என்பதால் டீயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் கிரீன் டீ கேட்டார். மெஷினிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் பிடித்து ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, எதுவும் சொல்லாமல் கவுண்டரில் திருப்பி வைத்துவிட்டுப் போனார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. எடுத்துக் குடித்துப் பார்த்தேன், வேப்பிலைக் கஷாயம். அன்றைக்குத்தான் உட்கார்ந்து படித்தேன். கிரீன் டீயும் நீங்கள் குடிக்கிற டீயும் ஒரே செடியின் இலைதான். பறித்த இலையைக் கசக்கிக் காற்றுப்பட விட்டால் கறுத்து உங்கள் டீ ஆகிறது, உடனே சூடு காட்டி நிறுத்திவிட்டால் பச்சையாகவே நிற்கிறது. பச்சைக்கு 70, 80 டிகிரி போதும். கறுப்புக்குத்தான் கொதித்த தண்ணீர். டீ போடுவதற்கு ஒரு சர்வதேசத் தர விதியே இருக்கிறது அப்பா, ஐஎஸ்ஓ 3103. 100 மில்லிக்கு 2 கிராம் இலை, 6 நிமிஷம் மூடிவைக்க வேண்டும். ருசி பார்த்து ஒப்பிடுகிறவர்களுக்காக எழுதியது, நன்றாகக் குடிப்பதற்கு அல்ல. இதற்கு மூலமான பிரிட்டிஷ் விதி ஆறு பக்கம். அதை எழுதியதற்காக அந்நாட்டுத் தர நிறுவனத்துக்கு 1999ல் இக் நோபல் என்கிற கேலிப் பரிசைக் கொடுத்தார்கள், அதுவும் இலக்கியத்துக்கு!

வேலை சுகம் என்று சொல்லமாட்டேன். குளிர் காலத்தில் ஐந்தேகாலுக்கு எழுந்தால், கடை திறந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வெளிச்சமே வரும். சாயங்காலம் குதிகால் விண்விண் என்று தெறிக்கும். தலைக்குக் குளித்தாலும் காபி வாடை போவதில்லை. முதலில் சேர்ந்த வேறொரு கடையில் பயிற்சி என்று சொல்லி இரண்டு வாரச் சம்பளத்தைத் தரவே இல்லை, அதையும் உங்களிடம் மறைத்துவிட்டேன். இந்த ஊர்ப் பாஷையில் நான் தடுமாறாமல் பேசியது முதலில் எண்களும் பால் வகைகளும்தான். வானிலை பற்றிப் பேச மூன்று மாசம் ஆனது. யார் மேலாவது கோபப்பட இன்னும் வரவில்லை, தமிழில்தான் திட்டுகிறேன், உதடு அசையாமல்.

ஆனால் கடைக்குள் வந்துவிட்டால் ஊர் முழுக்கத் தெரிந்தவர்கள் மாதிரி இருக்கும். பேர் தெரியாது, கப் தெரியும். ராத்திரி டியூட்டி முடித்து வருகிற நர்ஸ் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, காஃபீன் எடுத்த காபியைப் பாதி குடித்துவிட்டுப் பத்து நிமிஷம் கண்ணயர்வார். அந்தப் பத்து நிமிஷம் நாங்கள் கப்புகளைச் சத்தமில்லாமல் அடுக்குவோம். இன்னொரு தாத்தா தினமும் ஆறரைக்கு வருவார். கறுப்புக் காபி, நின்றபடியே குடிப்பார். ஒரு வருஷத்தில் என்னிடம் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். போன மாசம் எட்டு நாள் ஆளையே காணோம். திரும்பி வந்தபோது கையில் தடி, விரல்கள் நடுங்கின. சிந்தக்கூடாதே என்று முக்கால் கப் ஊற்றி வைத்தேன். கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முழுசா ஊத்து" என்றார். ஊற்றினேன். பாதி சாசரில் சிந்தியது. சாசரையும் தூக்கிக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்.

நாலு பேர் காபியோடு உட்கார்ந்தால் என்ன பேசுவார்களோ என்று பயந்து, இங்கிலாந்து ராஜா இரண்டாம் சார்லஸ் 1675 டிசம்பரில் காபிக் கடைகளையெல்லாம் மூடச் சொல்லி உத்தரவு போட்டாராம். நாட்டில் கிளம்பிய கூச்சலைப் பார்த்து, உத்தரவு அமலுக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அவரே பின்வாங்கிவிட்டார். எங்கள் மூலை மேசையில் சாயங்காலம் கூடுகிறவர்களைப் பார்க்கும்போது ராஜா மேல் எனக்குக் கொஞ்சம் அனுதாபம்கூட வருகிறது. ஒரு கப்பை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காருகிறார்கள்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். "வேற வேலை கிடைக்கிற வரைக்கும்" என்று சொல்லித்தான் இங்கே சேர்ந்தேன். பதினாறு மாசம் ஆகிறது. வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்டு ஐந்து மாசம் ஆகிறது அப்பா. போட மறக்கவில்லை, போடத் தோன்றவில்லை. கொட்டை வறுக்கிற வேலையையும் கற்றுத்தருகிறேன் என்று முதலாளியம்மா சொல்லியிருக்கிறார். அடுத்த மாசத்திலிருந்து வாரம் இரண்டு நாள் அங்கே நிற்கப் போகிறேன். அம்மாவிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். நான் சொன்னால் அழுவார், நீங்கள் சொன்னால் திட்டுவார். திட்டு பரவாயில்லை.

இன்னொன்று, இதுதான் அவசரம். நாலு நாளாக கிரைண்டரில் ஒரு சத்தம். காலையில் முதல் தடவை ஓட்டும்போது மட்டும், அடித்தொண்டையில் யாரோ உறுமுகிற மாதிரி. கொஞ்சம் ஓடிச் சூடேறியதும் போய்விடுகிறது. கழற்றிப் பார்த்தேன். பர் பற்கள் நகத்தில் வழுக்குகின்றன, மழுங்கியிருக்கின்றன, மாற்றத்தான் வேண்டும். ஆனால் சத்தம் அதனால் இல்லை என்று தோன்றுகிறது. கொட்டையே போடாமல் ஓட்டினாலும் வருகிறதே. பேரிங்கில் கிரீஸ் காய்ந்திருக்குமோ? தண்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன், ஆட்டம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது. எனக்குப் பிடிபடவில்லை.

தம்பி போனுக்கு இரண்டு ஒலிப்பதிவு அனுப்பியிருக்கிறேன். முதலாவது கொட்டை போடாமல், இரண்டாவது போட்டு. ஃபேனை நிறுத்திவிட்டு, தம்பியின் இயர்போனை மாட்டிக்கொண்டு கேளுங்கள். வியாழக்கிழமை மெக்கானிக் வருகிறார், அதற்குள் சொல்லிவிடுங்கள். அவர் என்ன சொல்கிறார் என்று பார்ப்போம்.

அன்புடன்,
பாப்பா