அரை நாள் போதாது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உங்கள் ஆலை மேலாளர்களுக்குப் பிணக்குத் தீர்க்கும் பயிற்சி நடத்தப்போவது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் அரை நாளில் முடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாயே, அது வேண்டாம். 2005 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தில், வழக்காடும் இரு தரப்பும் பேசித் தாங்களே முடிவுக்கு வர உதவும் சமரச மையம் தொடங்கினார்கள். நீதிமன்றங்களில் அப்படி நடுவில் இருந்து பேச வைக்கும் சமரசராக அமர்வதற்கு, சட்டம் படித்த வழக்கறிஞருக்கே 40 மணி நேரப் பயிற்சி. உன் ஆட்களை ஐந்து நாள் சேர்ந்தாற்போல் விட முடியாதென்றால் வாரம் ஒரு நாளாக வை. இடையில் வேலை செய்யும் இடத்தில் பழகிப் பார்த்துவிட்டு வருவார்கள். அது இன்னும் நல்லது.

கோட்பாட்டுக்கு முதல் நாள் காலை போதும். 1959இல் ஓஸ்லோவில் அமைதி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய யோஹான் கால்டுங்கின் முக்கோணத்தைப் பலகையில் வரை. ஒரு பிணக்கின் மூன்று முனைகள் அதில் இருக்கும்: மனப்பான்மை, நடத்தை, முரண். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் இரண்டு சூப்பர்வைசர்கள் கத்திக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள். கத்துவது நடத்தை. "வேணும்னே பண்றான்" என்பது மனப்பான்மை. முரண் அட்டவணையில் இருக்கிறது: ஒரு ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிகிறது, அடுத்தது அதே இரண்டு மணிக்குத் தொடங்குகிறது. மெஷினை ஒப்படைக்க ஒரு நிமிடம்கூட இல்லை. அதை மாற்றாமல் இருவரையும் கைகுலுக்க வைத்தால் நாளைக்கும் கத்துவார்கள்.

மீதி நேரமெல்லாம் நடித்துப் பழகத்தான். நால்வர் நால்வராகப் பிரி: இரு தரப்பு, ஒரு சமரசர், பேசாமல் குறிப்பெடுக்க ஒருவர். நடிப்பு 45 நிமிடம், குறிப்பைப் பேச 15 நிமிடம். முடிவெடுத்தே பழகியவர்கள் என்பதால் மேலாளர்கள் ஐந்தாவது நிமிடமே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். ஆகவே முதல் 20 நிமிடம் கேள்வியும், கேட்டதைத் திருப்பிச் சொல்வதும் மட்டும்தான் என்று கட்டுப்பாடு போடு. "ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை" என்பவரிடம் "அப்படியெல்லாம் இல்லை" என்று சொன்னால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். "எழுதிக் கொடுத்ததற்குப் பதிலே வராததுதான் வருத்தம், இல்லையா?" என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகே அடுத்த கேள்வி. சமரசர் ஒரு தரப்போடு மட்டும் தனியாகப் பேசும்போது, எழுந்திருக்கும் முன் "இதில் எதை எதிர்த்தரப்பிடம் சொல்லலாம்?" என்று கேட்க வேண்டும். ஒரு வாக்கியம் கசிந்தாலும் நம்பிக்கை போச்சு.

யாரையும் அவருடைய சொந்தத் துறைச் சண்டையில் சமரசராக உட்கார வைக்காதே. இன்க்ரிமென்ட் போடுகிறவரிடம் யார் மனம் திறப்பார்கள்? துறை மாற்றி அனுப்பு.

பாலியல் தொல்லைப் புகார் இவர்களிடம் வரவே கூடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அது உள்ளகப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். புகார் கொடுத்த பெண் கேட்டால்தான் அங்கேயும் சமரசம். பணத்தை வைத்து முடிக்கக் கூடாது. முதல் நாளே இதைச் சொல்லிவிடு.

தேதி முடிவானதும் எழுது. நடிப்புக்கு ஆறு சம்பவங்கள் எழுதி அனுப்புகிறேன். உங்கள் ஆலையில் நடந்ததை அப்படியே வைத்துவிடாதே. ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் பயிற்சி அறையிலேயே சண்டை மூளும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்