இன்னொரு பாட்டில் கேட்டு ஒரு மடல்

மாநிலச் சுகாதாரத் துறை உயர் அலுவலர்களுக்கும், அரசு மருத்துவமனைகளில் அறுவை அரங்குகளுக்குப் பொறுப்பான மருத்துவர்களுக்கும் வணக்கம்.

தனியார் ஆய்வகம் ஒன்றில் ஹிஸ்டோபேத்தாலஜி டெக்னீஷியனாக இருக்கிறேன்; நோய் கண்டறிய எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தயார் செய்வது என் வேலை. உங்கள் அரங்குகளில் எடுக்கும் சதை பல சமயம் எங்களிடம்தான் வருகிறது. கொண்டுவருபவர் நோயாளியின் அப்பாவோ அண்ணனோ. துணிப்பைக்குள் பாட்டில், சட்டைப்பையில் மடித்த சீட்டு, டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு. இதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் வந்தவர் ஒரு விசைத்தறித் தொழிலாளி. வயசுப் பையன் ஒருவனுக்கு அப்பா. பையனுக்குக் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, சாயங்காலமானால் காய்ச்சல், உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. காசநோயா, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றா? இரண்டும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அரசு மருத்துவமனை ஒன்றில் நெறிக்கட்டியை முழுசாக, நேர்த்தியாக எடுத்திருக்கிறார்கள். அந்த சர்ஜனின் கைவேலையில் எனக்குக் குறையில்லை. எடுத்ததை அப்படியே மொத்தமாக, திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள். குறை அங்கேதான்.

ஸ்லைடில் செத்துப்போன திசு, சுற்றிலும் கிரானுலோமா என்கிற தற்காப்புச் செல்களின் திரள், அதில் லாங்ஹான்ஸ் ராட்சத செல்கள். பார்த்தவுடன் டிபி என்றுதான் தோன்றும். டிபி கிருமியைச் சிவப்பாகக் காட்டும் சீல்-நீல்சன் சாயம் போட்டுத் தேடினோம். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சி ஒன்றுகூடச் சிக்கவில்லை. சிக்காததால் டிபி இல்லை என்று ஆகாது. நெறிக்கட்டியில் கிருமி கொஞ்சமாகத்தான் இருக்கும். தவிர, லிம்போமாவில் ஒரு வகையான ஹாட்ஜ்கின் லிம்போமாவிலும் கிரானுலோமா தலைகாட்டும். எங்கள் பேத்தாலஜிஸ்ட் அம்மா அதையும் விடாமல், அந்தப் புற்று செல்லைக் காட்டிக்கொடுக்கும் சி.டி.15, சி.டி.30 என்ற இம்யூனோ சாயங்களைப் போட்டுப் பார்த்தார். லிம்போமாவுக்கான தடயம் இல்லை. ஃபார்மலினில் பதப்படுத்திய திசுவை மெழுகில் பதித்த பிளாக் இருந்தால் இந்தச் சோதனைக்குப் போதும். ஆனால் டிபியை உறுதி செய்யவும், கிருமி ரிஃபாம்பிசின் என்ற முக்கிய டிபி மருந்துக்குக் கட்டுப்படுமா என்று அறியவும், கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் சோதனை வேண்டும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வேண்டும். அதற்கு ஃபார்மலின் படாத திசு வேண்டும். ரிப்போர்ட்டின் கடைசி வரியில் அதைத்தான் எழுதினோம்.

அந்த வரியை விளக்கிச் சொன்னபோது பையனின் அப்பா கேட்டார்: “எடுத்த கட்டில பாதி இன்னும் பாட்டில்லயே கெடக்குதுங்களே, அதுல பாருங்க.”

கிடந்தது, உண்மைதான். வெளிறிப்போய், ரப்பர் மாதிரி விறைத்துக் கிடந்தது. 1890-களில் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்ற ஜெர்மன் மருத்துவர் ஃபார்மலினைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல் தோல் விறைப்பதைக் கவனித்தார். திசுவைப் பதப்படுத்த அது உதவும் என்று கண்டது அப்படித்தான். அதாவது, கிருமியைக் கொல்வதுதான் இந்தத் திரவத்தின் பூர்வீகத் தொழில். அதில் ஊறிய திசுவிலிருந்து டிபி கிருமியை வளர்த்துக் காட்டு என்றால் யாரால் முடியும்? சி.பி.நாட் மையமும் ஃபார்மலின் பாட்டிலைக் கண்டால் திருப்பி அனுப்பிவிடும்.

“அப்ப மறுபடியும் அறுக்கோணுங்களா?”

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது. கைக்கு எட்டிய கட்டி போய்விட்டது. அடுத்ததை இன்னும் ஆழத்தில் தேட வேண்டும். பையனுக்கு மறுபடி மயக்க ஊசி, கழுத்தில் இன்னொரு தழும்பு. அப்பாவுக்கு மறுபடி ஷிஃப்ட் கூலி நஷ்டம். வேண்டாமென்றால், மருந்து கேட்குமா கேட்காதா என்று தெரியாமலே ஆறு மாத மாத்திரையைத் தொடங்கி, காய்ச்சல் விடுகிறதா என்று காத்திருக்கலாம்.

இத்தனையையும் தவிர்க்கத் தேவைப்பட்டது இன்னொரு பாட்டில். உள்ளே கொஞ்சம் நார்மல் சலைன், அதாவது உப்புநீர். கட்டியை எடுத்த கையோடு இரண்டாக வெட்டி, ஒரு பாதி ஃபார்மலினில், ஒரு பாதி சலைனில். சலைன் பாதி அன்றே சி.பி.நாட்டுக்கும் கல்ச்சருக்கும் போக வேண்டும். சலைன் இல்லாத அறுவை அரங்கு தமிழ்நாட்டில் எங்காவது உண்டா? சி.பி.நாட் இயந்திரமும் உங்களுடையது, சோதனை இலவசம், போட்டால் சுமார் 2 மணி நேரத்தில் விடை. இல்லாதது அந்தப் பாட்டிலும், அதை எடுத்து வையுங்கள் என்று ஒரு தாளில் எழுதிய உத்தரவும்தான்.

பாட்டில் பேச்சை எடுத்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். குறுகின கழுத்துள்ள மருந்து பாட்டிலில் பெரிய கட்டியைத் திணித்து அனுப்புகிறார்கள். உள்ளே போகும்போது சதை மெத்தென்று இருக்கும், வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஃபார்மலினில் இறுகிய பிறகு வெளியே வராது. பாட்டிலை அறுத்துத்தான் எடுக்கிறோம், சதையோடு சேர்த்து அறுத்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு. இன்னும் சிலர் ஃபார்மலினே இல்லாமல், எல்லாவற்றையும் சலைனில் மட்டும் போட்டு அனுப்புவார்கள். இரண்டு நாள் கழித்து மூடியைத் திறந்தால் நாற்றம். செல்லெல்லாம் கரைந்து, மைக்ராஸ்கோப்பில் வெறும் இளஞ்சிவப்புக் குழம்பு. கட்டிக்குப் பத்து மடங்காவது இருக்க வேண்டிய ஃபார்மலின் அடியில் ஒரு விரற்கடை நிற்கும். மார்பகப் புற்றுத் திசு என்றால் எப்போது ஃபார்மலினில் போட்டார்கள் என்ற நேரம் தெரிய வேண்டும்; ஊறியது 6 மணி நேரத்துக்குக் குறைந்தாலும் 72 மணி நேரத்தைத் தாண்டினாலும், ஹார்மோன் மருந்து கேட்குமா என்று காட்டும் ஹார்மோன் ரிசப்டர் சோதனையின் முடிவை நம்ப முடியாது. லேபிளில் நேரம் எழுதி நான் பார்த்தது அபூர்வம். பெயர் இருந்தாலே சந்தோஷப்பட்டுக்கொள்கிறோம்.

2022-இல் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்த மாநிலம் இது. பெருமைதான். வளைவு, கட்டடம், கல்வெட்டு எல்லாம் ஜோராக இருக்கின்றன. அங்கே எடுக்கும் சதைக்கு இம்யூனோ சாயம் போட நோயாளியின் அண்ணன் ஏன் பஸ் ஏறி எங்களிடம் வர வேண்டும் என்று கல்வெட்டில் எழுதவில்லை. ‘2025-க்குள் காசநோயை ஒழிப்போம்’ என்று மருத்துவமனைச் சுவர்களில் எழுதினார்கள். பெயின்ட் உரிய ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெயின்ட் செலவில் எத்தனை பாட்டில் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட வாய் வரை வருகிறது, வேண்டாம்.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது கட்டடமும் இல்லை, இயந்திரமும் இல்லை. நெறிக்கட்டி என்றாலும், எலும்பில் சந்தேகம் என்றாலும், தொற்றா புற்றா என்ற கேள்வி இருக்கும் எந்தச் சதையாக இருந்தாலும், அரங்கிலிருந்து இரண்டு பாட்டில் வெளியே வரட்டும். ஒன்றில் ஃபார்மலின், ஒன்றில் சலைன். இரண்டும் வாய் அகன்றதாக இருக்கட்டும். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மூலை முடுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வரை மாத்திரை கொண்டு சேர்க்கிறது. சரியாகக் கலந்த ஃபார்மலின் நிரப்பிய பாட்டில் அதற்கு ஒரு பொருட்டா? சர்ஜனுக்கு நேரமில்லை என்றால் ஸ்டாஃப் நர்ஸிடம் பொறுப்பைக் கொடுங்கள். எங்களிடம் வரும் பாட்டில்களில் பெயரும் நேரமும் ஒழுங்காக எழுதியவை அநேகமாக அவர்கள் கையெழுத்துதான்.

இதை ஒரு சுற்றறிக்கையாக எல்லா அறுவை அரங்குகளுக்கும் அனுப்பும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வாசகம் தயார் செய்ய ஆளில்லை என்றால் நானே எழுதித் தருகிறேன். அரைப் பக்கத்தைத் தாண்டாது. கையெழுத்து மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பாட்டில்களைத் திறக்கும் ஒரு டெக்னீஷியன்