ரோல்ஸ் பொரித்தவருக்கும் சேர்த்து

அன்பின் உறவுகளே,

சனிக்கிழமை இரவு லண்டன் ஹரோவில் மண்டபத்தைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டு வெளியே வரும்போது பதினொன்றரை ஆகிவிட்டது. கால் இரண்டும் உளைந்தன, ஆனால் நித்திரை வரவில்லை. நன்றி சொல்லாமல் விட்ட முகங்கள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. அதனால்தான் இந்த மடல்.

லெஸ்பியன், கே உறவுகளின் சம உரிமைக்காக நாங்கள் நடத்திய கலைமாலை அது. பறை, பரதம், நான்கு பாட்டு, ஒரு குறுநாடகம். மேடையேறிய எவரும் ஒரு பென்னிகூட வாங்கவில்லை. மண்டப வாடகையைக் கடைக்காரர் ஒருவர் ஏற்றுக்கொண்டார். ஒலி, ஒளி பார்த்த தம்பி வேலை முடிந்து நேரே வந்தவர், சாப்பிடக்கூட எழும்பவில்லை. உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

அப்புறம், மேடைக்கே வராத ஒரு அன்ரி. மூன்று கிழமைக்கு முன் தொலைபேசியில் சொன்னார்: "பிள்ளை, என்ர பேரை ஒரு இடத்திலும் போடாதை. எத்தனை ரோல்ஸ் வேணும் எண்டு மட்டும் சொல்லு." இருநூறு என்றேன். வந்தது இருநூற்றைம்பது. அலுமினியத் தட்டுகளில் அடுக்கி, மேலே வெள்ளைத் துவாய் போர்த்தி, பின்வாசலால் கொண்டுவந்து இறக்கினார். வைத்துவிட்டுப் போகத்தான் வந்தார். பறை தொடங்கியதும் நின்றார். கோட்டைக் கழற்றாமலே, பின்சுவரோடு சாய்ந்தபடி, கடைசி உருப்படிவரை பார்த்தார். அன்ரி, உங்கள் பேரை நான் எழுதவில்லை. நீங்கள் அங்கே நின்றது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

இன்னொரு நன்றி நெடுநாளாக நிலுவையில் கிடக்கிறது.

1996இல் எனக்குப் பதினேழு வயது. லண்டனில் பள்ளிக்கூட நூலகத்தில் வைத்து, மனதில் இருந்ததை ஒரு ஆசிரியையிடம் கேட்டேன். அவர் முதலில் கதவைப் பார்த்தார். "இதைப் பற்றி உன்னோடு கதைக்க எனக்கு அனுமதி இல்லை" என்றார். குரல் நடுங்கியது. நான் கேட்டதே பிழையாக்கும் என்று நினைத்து அழுதுகொண்டு போனேன். அவரைப் பிடித்து வைத்திருந்தது 1988 மே மாதம் நடைமுறைக்கு வந்த பிரிவு 28 என்பது பிறகுதான் தெரிந்தது. உள்ளூராட்சி சபைகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்கக் கூடாது' என்றது அந்தச் சட்டம். எங்கள் உறவுகளைப் 'பாசாங்குக் குடும்ப உறவு' என்று எழுதியது. அதன்கீழ் எவரும் தண்டிக்கப்படவில்லை. தண்டனை வேண்டியிருக்கவும் இல்லை, பயமே போதுமாக இருந்தது.

அந்தப் பயத்துக்கு முன்னால் முதலில் வந்து நின்றவர்களில் கலைஞர்களும் இருந்தார்கள். 1988 தொடக்கத்தில் நடிகர் ஐயன் மெக்கெலன் பிபிசி வானொலியில் தான் கே என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஜூனில் பிக்கடிலி தியேட்டரில் தன்பாலீர்ப்புள்ள எழுத்தாளர்கள், இசையமைப்பாளர்களின் படைப்புகளை மட்டுமே கோத்து ஒரு முழு இரவு நிகழ்ச்சி நடத்தினார்கள். அடுத்த வருடம் அவரும் மைக்கல் காஷ்மன், லிசா பவர் போன்றவர்களும் சேர்ந்து எங்கள் சம உரிமைக்காக ஸ்டோன்வால் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த அமைப்புக்கு நிதி திரட்டத்தான் 1990களில் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் 'ஈக்வாலிட்டி ஷோ' என்ற கலைநிகழ்ச்சிகள் நடந்தன.

1999இல் நான் போனேன். கூரைக்குக் கிட்ட, மிக மலிவான இருக்கை. அங்கிருந்து பார்த்தால் மேடையில் நிற்பவர்கள் விரல் நீளம்தான். எல்டன் ஜான் பாடினார். ஆனால் நான் மேடையைவிட ஆட்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரக்கணக்கானோர், குடும்பம் குடும்பமாக, ஒளியாமல். எனக்கு முன்வரிசையில் நரைத்த இரண்டு பெண்கள் ஒரே சால்வையை இரண்டு தோளிலும் போட்டுக்கொண்டு இருந்தார்கள். இடைவேளையில் ஒருவர் மற்றவருக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்தார். வயது போகும்வரை இப்படியும் வாழலாம் என்பதை எனக்கு முதலில் காட்டியது அந்தத் தோடம்பழம்தான்.

அந்த வருடம்தான் இராணுவத்தில் எங்களுக்கிருந்த தடை பிழை என்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2000இல் தடை போனது. 2001இல் சம்மத வயது எல்லோருக்கும் ஒன்றானது. பிரிவு 28 ஸ்கொட்லாந்தில் 2000இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003இலும் நீக்கப்பட்டது. வழக்குக்கும் பிரசாரத்துக்கும் காசு வேண்டும். அதற்காக ஒரு மாலையை இலவசமாகத் தந்த பாடகர்களுக்கும் நடிகர்களுக்கும், வாசலில் ரிக்கற் கிழித்தவர்களுக்கும், காசு சேர்க்க வாளி ஏந்தியவர்களுக்கும் நன்றி. தமிழில் இதை உங்களுக்கு யாராவது சொன்னார்களோ தெரியாது. நான் சொல்கிறேன்.

அந்த ஆசிரியைக்கும்தான். இரண்டு நாள் கழித்து அவர் திருப்பித் தந்த என் கொப்பிக்குள் ஒரு துண்டு இருந்தது. அதில் ஒரு தொலைபேசி எண் மட்டும், வேறு ஒரு சொல்லும் இல்லை. அது எங்களைப் போன்றவர்களுக்கான ஸ்விட்ச்போர்ட் என்ற தொலைபேசி உதவி இணைப்பின் எண். 1974இல் கிங்ஸ் குரொஸில் ஒரு புத்தகக் கடைக்கு மேலிருந்த அறையில் தொடங்கிய சேவை. அன்று மறுமுனையில் எடுத்தவர் என்னோடு ஒரு மணித்தியாலம் கதைத்தார்.

சனிக்கிழமை சேர்ந்த காசு முழுவதும் அந்த இணைப்புக்கே போகிறது. ரசீது வந்ததும் எல்லோருக்கும் அனுப்பிவைப்போம்.

அன்ரி, உங்கள் தட்டுகளும் நான்கு துவாய்களும் என்னிடம் இருக்கின்றன. தோய்த்துக் காயவைத்து மடித்து வைத்திருக்கிறேன். ஞாயிறு பின்னேரம் கொண்டுவருகிறேன். என் துணைவியும் வருவாள்.

அன்புடன்,
கலைமாலைக் குழுவின் சார்பில், ஹரோவிலிருந்து