வசந்திக்கு: உன் சமையலறை பற்றி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டு வேலை சென்ட்ரிங் வரைக்கும் வந்துவிட்டது என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவனுக்குத் திருச்சிக்கே மாற்றல் வந்துவிட்டது.

மாடுலர் கிச்சன் போடலாமா என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் ஒருவரைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. 1897இல் வியன்னாவில் பிறந்தவர். ஆஸ்திரியாவில் கட்டடக்கலை படித்த முதல் பெண்களில் ஒருவர். இன்று கடைக்காரர்கள் காட்டும் மேடை, இழுப்பறை, மேல் அலமாரி எல்லாவற்றுக்கும் முன்னோடி, இவர் 1926இல் வடிவமைத்த பிராங்க்ஃபர்ட் சமையலறைதான்.

முதல் உலகப் போர் முடிந்து ஜெர்மனியில் வீடு கிடைக்காமல் ஜனங்கள் தவித்த காலம் அது. ஏழைக் குடும்பங்களில் சமையல், சாப்பாடு, துவையல், சில சமயம் தூக்கம்கூட ஒரே அறையில்தான். பிராங்க்ஃபர்ட் நகராட்சி எர்ன்ஸ்ட் மே என்ற கட்டடக் கலைஞர் தலைமையில் மொத்தமாகக் குடியிருப்புகள் கட்டியது. அவற்றில் சுமார் 10,000 வீடுகளுக்கு இந்தச் சமையலறை போனது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், நம் கணக்கில் ஆறடிக்குப் பதினோரடி. ரயிலில் சாப்பாட்டுப் பெட்டியின் சமையல்கட்டைப் பார்த்துதான் இத்தனை சின்ன இடத்தில் எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறார். அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் எத்தனை எட்டு வைக்க வேண்டியிருக்கிறது என்றெல்லாம் கணக்குப் பார்த்திருக்கிறார்.

ஜன்னலடியில் மேடை. சுழலும் முக்காலியில் உட்கார்ந்தபடியே காய் நறுக்கலாம். கழிவை மேடையிலேயே இருக்கும் திறப்பில் தள்ளினால் கீழே இழுப்பறைக்குள் விழுந்துவிடும். அரிசி, சர்க்கரைக்கு அஞ்சறைப்பெட்டி போல வரிசையாக அலுமினியப் பெட்டிகள், மூக்கு வைத்து, அப்படியே எடுத்துச் சாய்த்துக் கொட்டுகிற மாதிரி. மாவுக்கு மட்டும் ஓக் மரப் பெட்டி, புழு வராமல் இருக்க. ஈ உட்காராது என்று நம்பி நீலப்பச்சை வண்ணம். இத்தனைக்கும், அந்தச் சமயத்தில் தனக்குச் சமைத்தே பழக்கமில்லை என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

வெளியே வேலைக்குப் போகிற பெண்ணுக்கு வீட்டில் நேரம் மிச்சமாக வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். ஆனால் அந்த ஆறடி அகலத்தில் இன்னொருவர் கூட நின்று கை கொடுக்க வழியில்லை. பெண்ணைத் தனியாக அடைத்துப்போட்ட அறை என்று 1970களில் பெண்ணியவாதிகள் கடுமையாக விமர்சித்தார்கள். அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வேலை குறைந்தது, ஆனால் அது யார் வேலை என்பது மாறவில்லை. அதற்காக அவர் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து ரகசியமாக வேலை செய்ததற்காக 1941இல் வியன்னாவில் கைதாகி, 15 வருடத் தண்டனை பெற்று, 1945இல்தான் வெளியே வந்தார். கம்யூனிஸ்ட் என்பதால் போருக்குப் பின் சொந்த ஊரில் அரசு வேலைகளும் அதிகம் கிடைக்கவில்லை. 2000இல், 103 வயதுக்குச் சில நாட்களே இருந்தபோது காலமானார்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். மாடுலர் தாராளமாகப் போடு. ஆனால் மேடைக்கும் எதிர் அலமாரிக்கும் நடுவில் நாலடியாவது விடச் சொல். உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் உள்ளே வந்து நிற்க இடம் வேண்டும். மேடை உயரத்தை ஆசாரி சொல்கிற அளவில் விட்டுவிடாதே, நீயே நின்று பார்த்து முடிவு செய். ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்து நறுக்க ஓர் இடம் கண்டிப்பாக வை, உன் முழங்கால் வலிக்கு அது ரொம்ப உதவும்.

அப்புறம், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் எப்போது? தேதி தெரிந்ததும் எழுது, நான் வந்து கூட இருக்கிறேன்.

அன்புடன்,
கமலா